காண்பன, அறிவன

உங்கள் மகள் இன்று அழகாக மன்னிப்புக் கேட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. வேறு அம்மாவாக இருந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். எனக்குச் சந்தேகம் வந்தது.

அப்போது நான் சேலத்துக்கு வெளியே ஒரு தறிப்பட்டறையில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மீட்டருக்குப் பின்னால் ஓடிய மெல்லிய ஒயர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் செண்பகவல்லி. மின்வாரியத்தில் பறக்கும் படை, உதவிப் பொறியாளர். கரண்ட் திருடுகிறவர்களைப் பிடிப்பது வேலை. மீட்டரெல்லாம் புத்திசாலியாகிவிட்டதே, தானே அளந்து தானே அனுப்புகிறதே, இனி உனக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். திருடுகிறவன் மட்டும் மக்காகவே இருந்துவிடுவானா? பத்தொன்பது வருஷமாகச் சந்தேகப்பட்டுத்தான் சோறு தின்கிறேன்.

போனில் ஜெசிந்தா மிஸ். பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியை. நல்ல மனுஷிதான். அன்று குரலில் அத்தனை பூரிப்பு.

"மேடம், லேப்ல ஒரு பியூரெட் உடைஞ்சிருச்சு. கெமிஸ்ட்ரி சார் கத்து கத்துன்னு கத்திட்டாரு. நம்ம நறுமுகை டக்குன்னு எந்திரிச்சு, 'நான்தான் சார், மன்னிச்சுக்கங்க, இனிமே கவனமா இருப்பேன்'னு சொன்னா. சிரிச்ச முகமா! சார் அப்படியே அடங்கிட்டாரு. கிளாஸே கை தட்டுச்சு."

"அவதான் உடைச்சாளா?"

"அவளே சொல்றாளே மேடம்."

அங்கேதான் உறுத்தியது. நறுமுகைக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்கு ஆட்டிசம். நிஜமாகவே உடைத்ததற்குக்கூட அவள் இதுவரை மன்னிப்புக் கேட்டது கிடையாது. "மன்னிப்புக் கேட்டா ஒட்டிக்குமா?" என்று கேட்பாள். எத்தனை மணிக்கு, எந்தக் கையால், எந்தப் பக்கமாக விழுந்தது என்று சொல்வாளே தவிர மன்னிப்பு வராது. பொய்யும் வராது. பியூரெட் என்கிற அந்தக் கண்ணாடிக் குழாயையோ பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குகிறவள். செய்யாத காரியத்துக்குச் சிரித்த முகத்தோடு மன்னிப்பா? மீட்டர் எங்கேயோ இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்தத் தோழி மேல்தான் சந்தேகம்.

தோழி என்றால் ஆள் இல்லை. பயறு அளவுக் கருவி, வீட்டிலும் பள்ளியிலும் காதுக்குள் உட்கார்ந்துகொள்ளும். சட்டைக் காலரில் பொத்தான் போல ஒரு கேமரா. எதிரே இருப்பவர் முகத்தையும் குரலையும் படித்து, அவர் கோபமாக இருக்கிறாரா, கிண்டல் செய்கிறாரா, இப்போது என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளையின் காதில் கிசுகிசுக்கும். "பழைய பாட்டுல தலைவிக்காகப் பேசுறது தோழிதானே மேடம், அதான் இந்தப் பேரு" என்றான் அதைக் கொண்டுவந்த கம்பெனிப் பையன் பிரணவ். அந்தத் தோழி தலைவி பக்கம் நிற்பாள், இது யார் பக்கம் நிற்கும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்றால், தோழி மாட்டிக்கொண்டால்தான் ரெகுலர் வகுப்பில் இடம். இல்லாவிட்டால் மாடிப்படிக்குக் கீழே தனி அறை. அங்கே படம் பார்த்து முகபாவம் சொல்ல வேண்டும், மணி கோக்க வேண்டும். நறுமுகைக்கு வேண்டியது லேப். ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து இது என்ன உப்பு என்று கண்டுபிடி என்றால் அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதற்காக நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன். போட்டேன். ஜூன் மாதம் மாட்டினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஆறு மாத மதிப்பீடு. அதில் தேறினால் பிளஸ் டூ முடியும்வரை இடம் நிச்சயம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். அவள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பியூரெட்டை யாரு உடைச்சது?"

"தன்யஸ்ரீ."

"அப்புறம் நீ ஏன் நான்தான்னு சொன்ன?"

"தோழி சொன்னது."

"என்ன சொன்னது? அப்படியே சொல்லு."

கேட்டதைக் கேட்டபடி சொல்வது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. "'சார் கோபமாக இருக்கிறார். தன்யஸ்ரீ பயந்திருக்கிறாள். நீ பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டால் எல்லோருக்கும் நிம்மதி. புன்னகை செய்.' செஞ்சேன். எல்லாருக்கும் நிம்மதி ஆச்சு."

"உனக்கு?"

அவள் குழாயை மூடிவிட்டு யோசித்தாள். "அது சொல்லல" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. தோழியோடு பெற்றோருக்கும் ஒரு ஆப் கொடுத்திருந்தார்கள். போன் மைக் வழியாக வீட்டுப் பேச்சின் சூட்டைப் பார்த்து யோசனை சொல்லும். 'இப்போது கோபப்பட வேண்டாம். மகளின் தோளை மென்மையாகத் தொட்டு, கஷ்டமாக இருந்ததா என்று கேளுங்கள்.' அதுவும் சரிதான். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தோளைத் தொட்டேன். "கஷ்டமா இருந்துச்சா கண்ணு?"

முன்பெல்லாம் தொட்டால் துள்ளி விலகுவாள். இப்போது அசையாமல் நிற்கிறாள். அந்த ஒன்றையாவது முன்னேற்றம் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

"பரவால்லம்மா" என்றாள்.

இந்தப் 'பரவால்ல' எங்கள் வீட்டுக்குப் புதுச் சரக்கு. 'முடியாது', 'பிடிக்கல', 'வேண்டாம்', இந்த மூன்றையும் வைத்தே பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவள். யோசித்துப் பார்த்தால் அவள் 'முடியாது' என்று சொல்லிக் கேட்டு மாதக்கணக்காகிறது. அது எங்கே போனது?

அவள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்துப் பையைச் சோதனை போட்டேன். பெற்ற பிள்ளையின் பையைக் குடைவது தப்புதான். தொழில் புத்தி, விடாது. உள்ளே எட்டு ரெக்கார்டு நோட்டு இருந்தது.

லேபில் செய்த ஒவ்வொரு சோதனையையும் படம் போட்டு எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கும் நோட்டு அது. சயின்ஸ் குரூப் படித்த எல்லோருக்கும் தெரியும், அதை எழுதுவதைப் போல ஒரு வதை கிடையாது. பிள்ளைக்கு ஒன்றுதான் இருக்கும். ஏழு நோட்டுகளில் ஏழு வேறு வேறு பெயர்கள். முதல் நோட்டு தன்யஸ்ரீ. ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, அச்சடித்தது போல எழுத்து, எல்லாம் என் மகள் கை. எட்டாவது நோட்டுக்குப் பழுப்பு அட்டை, பெயர் இல்லை. திறந்தேன். மூன்று பத்தி: சோதனை, காண்பன, அறிவன. கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்கே உரிய கட்டம். இது அவளுடையது என்று மூடி வைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷ அனுபவம், அங்கேதான் கோட்டை விட்டது.

துணியோடு இறங்கி வந்தவளிடம் ஏழு நோட்டையும் நீட்டினேன்.

"அவங்க கேட்டாங்க" என்றாள். "தோழி, 'உதவி செய்தால் நட்பு வளரும், சரி என்று சொல்'ன்னுது. சரின்னேன். நட்பு மதிப்பெண் எண்பத்தெட்டு."

அந்த எண்பத்தெட்டை நான் ஆபீஸ் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஜெசிந்தா மிஸ் டீ வாங்கி வரச் சொன்னார். எனக்கு டீ இறங்குகிற நிலைமை இல்லை.

"மிஸ், நான் மீட்டர்காரி. ஒரே ஒரு கேள்விதான். இந்த எண்பத்தெட்டு எதை அளக்குது?"

"சமூகத் திறன் மேடம்."

"அது போர்டுல எழுதுற பேரு. உள்ளே எந்த ஒயர் எங்க போகுது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "எதிர்ல இருக்கிறவங்க முகத்தை அது பாக்கும். பேச்சு முடியறப்ப அவங்க முகம் தெளிஞ்சிருந்தா மார்க் ஏறும். சுளிச்சா இறங்கும்."

"என் பொண்ணு முகத்தை?"

"கேமரா அவ காலர்ல இருக்கு மேடம். அவ முகம் அதுக்குத் தெரியாது."

"அப்ப மீட்டரை எங்க வீட்டுல மாட்டிட்டு, பக்கத்து வீட்டு வெளிச்சத்தை அளந்துக்கிட்டு இருக்கீங்க."

ஜெசிந்தா மிஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "மேடம், இருபத்திரண்டு வருஷம் கையால சொல்லிக்கொடுத்தேன்" என்றார். "கதை சொல்லி, நடிச்சுக் காட்டி, கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு. ஒரு பிள்ளைக்கு நன்றி சொல்லச் சொல்லித்தர ஒரு வருஷம் ஆச்சு. ஆனா அந்தப் பிள்ளை சொன்னா, அது அதோட நன்றி. எவ்வளவு பாடுபட்டும் ரெகுலர் கிளாஸுக்கு ஒருத்தரைக்கூட உள்ள விடல. இது வந்து ஆறு மாசத்துல பதினாலு பேர் உள்ள போயிருக்காங்க. நான் வேண்டாம்னு சொல்லணுமா? சொல்லுங்க."



"தோழியைக் கழட்டினா?" என்றேன்.

"அன்னைக்கே தனி அறை. லேப் கிடையாது" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம். எச்.எம். அறையில் நீள மேஜை. நடுவில் எச்.எம். அம்மா, ஒரு பக்கம் பிரணவ், ஒரு பக்கம் ஜெசிந்தா மிஸ். எதிரில் நானும் நறுமுகையும். என் கட்டைப்பையில் ஏழு நோட்டும் இருந்தது. அவற்றை எப்போது போடுவது என்றுதான் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றச் சொல்லவும் மனசில்லை, மாட்டி வைக்கவும் மனசில்லை. இரண்டுக்கும் நடுவில் எதையாவது உடைத்துவிட வேண்டும் என்ற வெறி மட்டும் இருந்தது.

பிரணவ் திரையில் வரைபடம் காட்டினான். எல்லாக் கோடும் மேலேதான் போயின. பிறகு நண்பரின் கருத்து என்று தன்யஸ்ரீயைக் கூப்பிட்டார்கள். இரட்டைப் பின்னல், பயந்த முகம்.

"நறு எங்க எல்லாருக்கும் பெஸ்ட் ஃப்ரெண்ட் மேடம். எப்ப என்ன கேட்டாலும் முடியாதுன்னு சொல்லவே மாட்டா."

எச்.எம். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. நான் எழுந்து ஏழு நோட்டையும் மேஜை மேல் தொப்பென்று போட்டேன். "கேட்டது இதுதாங்க. ஏழு பேரோட ரெக்கார்டு. எல்லாம் என் பொண்ணு கை. பியூரெட்டை உடைச்சதும் இவ இல்ல. இதுக்குப் பேரு நட்பா?"

தன்யஸ்ரீ முகம் வெளிறியது. பிரணவ் மட்டும் அசையவில்லை. பயிற்சி கொடுத்து அனுப்பியிருப்பார்கள். "மேடம், நீங்களும் நானும் பேசி என்ன? நறுமுகையையே கேப்போம். நறுமுகை, உனக்குத் தோழி பிடிச்சிருக்கா?"

அட பாவி! கேள்வியைக் கேட்டு, பதிலையும் காதுக்குள்ளேயே வைத்திருக்கிறான்.

நறுமுகை காதுக்குள் விரலை விட்டாள். பயறை எடுத்து மேஜை மேல் வைத்தாள். காலர் பொத்தானையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப கேளுங்க" என்றாள். "உள்ளே இருக்கும்போது கேட்டா பதில் அதோடது."

அவள் பையிலிருந்து அந்தப் பழுப்பு அட்டை நோட்டை எடுத்தாள்.

"இது கெமிஸ்ட்ரி இல்ல. உப்புக்குச் செய்யற மாதிரி செஞ்சேன். தோழி சொல்றதைச் செய்யணும், என்ன நடக்குதுன்னு பாக்கணும், எழுதணும். நூத்து அறுபத்தி மூணு சோதனை." படிக்க ஆரம்பித்தாள். பாடப்புத்தகம் படிக்கிற அதே குரல்.

"சோதனை இருபத்தொன்பது. வகுப்பில் மூன்று பேர் என்னைக் கிண்டல் செய்தார்கள். தோழி, சிரிக்கச் சொன்னது. காண்பன: நான் சிரித்தேன். அவர்கள் நிறுத்தவில்லை, இன்னும் அதிகமாகக் கிண்டல் செய்தார்கள். முகங்கள் மகிழ்ச்சியாக இருந்தன. மதிப்பெண் ஏறியது. அறிவன: என்னைப் பார்த்துச் சிரித்தாலும் என்னோடு சிரித்தாலும் தோழிக்கு ஒன்றுதான்."

ஜெசிந்தா மிஸ் கையில் பேனா அப்படியே நின்றது.

"சோதனை நூற்று ஐம்பத்தெட்டு. பியூரெட். காண்பன: தன்யஸ்ரீயின் காலடியில் கண்ணாடி. தோழி, மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அறிவன: தோழிக்கு உண்மை தெரியாது, முகம் மட்டும் தெரியும். கூடுதல் குறிப்பு: இரவு வயிறு வலித்தது. மூன்று நாள்."

"சாரி நறு" என்றாள் தன்யஸ்ரீ. அழுதுகொண்டிருந்தாள்.

நறுமுகை நிமிர்ந்து அவள் காதுகளைப் பார்த்தாள். இரண்டு காதையும் பார்த்தாள். "நீ தானா சொன்னியா?"

"தானாத்தான்."

"அப்ப சரி. ஆனா உன் ரெக்கார்டை இனிமே எழுத முடியாது."

முடியாது! காதில் தேன் வந்து பாய்ந்தது எனக்கு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். பிரணவைப் பார்த்த பார்வையில் ஒரு தறிப்பட்டறையே பற்றி எரிந்திருக்கும். "படி கண்ணு, அடுத்ததையும் படி. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். நிறுத்தினாள். "இது வேண்டாம்மா. தோழி இருந்தா, படிக்காதேன்னு சொல்லும்."

"அதான் இல்லையே! படி!"

படித்தாள்.

"தொடர் சோதனை. அம்மா. காண்பன: முன்பு நான் தவறு செய்தால் அம்மா உடனே கத்துவார். நான்கு நிமிடம் கழித்து, தோசை சுடட்டுமா என்று கேட்பார். ஜூலை ஒன்பதாம் தேதி முதல் அம்மா கத்துவதில்லை. போன் அதிரும். அம்மா அதைப் பார்ப்பார். பிறகு என் தோளைத் தொடுவார். எப்போதும் இடது தோள். மூன்று வினாடி. கஷ்டமா இருந்துச்சா என்று கேட்பார். தோளைத் தொட்டால் எனக்குப் பிடிக்காது. அது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நான் விலகப் போனபோதெல்லாம் தோழி, அசையாதே என்றது. முப்பத்தாறு முறை இப்படியே நடந்தது. அறிவன: அம்மாவுக்கும் தோழி மாட்டிவிட்டார்கள். அம்மா எங்கே என்று தெரியவில்லை. யாரிடம் புகார் சொல்வது என்றும் தெரியவில்லை."

நோட்டை மூடினாள்.

பிறத்தியார் வீட்டுச் சுவரில் எத்தனை ஒயரைப் பிடித்திருக்கிறேன். என் வீட்டுக் கூடத்தில், என் கையிலேயே ஒன்று ஓடியிருக்கிறது. நான் தொட்டபோதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதற்கு நான் வைத்த பெயர் முன்னேற்றம். அந்த அறையில் யார் முகத்தையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எச்.எம். அம்மாதான் முதலில் பேசினார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. தோழி இல்லாம ரெகுலர் வகுப்பு கிடையாது."

"தெரியும்" என்றாள் நறுமுகை. "விதி ஏழு. வகுப்பறைன்னு இருக்கு. ஆய்வகம்னு எங்கேயும் இல்ல. நாலு தடவை படிச்சேன்."

ஜெசிந்தா மிஸ் விதிப் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக எடுத்துப் புரட்டினார். "ஆமா மேடம். இல்ல." பிரணவ் ஏதோ சொல்ல வந்தான். எச்.எம். அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

இடம் போனது. திங்கட்கிழமையிலிருந்து பாடமெல்லாம் தனி அறையில்தான், செவ்வாயும் வியாழனும் மட்டும் லேப். வாசல்வரை கூட வந்த ஜெசிந்தா மிஸ், "மணி கோக்குறதுக்குப் பதிலா நானே அங்க பாடம் எடுக்கறேன் மேடம்" என்றார். "மத்த பதிமூணு பேர்கிட்டயும் ஒரு நோட்டு கொடுத்துப் பாக்கறேன்." சொல்லிவிட்டு நறுமுகையின் கையைப் பிடிக்கப் போய், நிறுத்தி, தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது எனக்குத் தாங்கவில்லை.

"ஏண்டி, ஜூலையிலேயே தெரிஞ்சிருக்கு, இத்தனை நாளா வாயைத் திறந்து..."

கையில் போன் அதிர்ந்தது. 'இப்போது கோபப்பட வேண்டாம். மகளின் தோளை...'

நறுமுகை போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோளை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். தோழி காதில் இல்லாமலேயே நின்றாள்.

போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். பிறகு கத்தினேன். ஆறு மாசத்துக்கும் சேர்த்துக் கத்தினேன். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்ல மாட்டியா, மரம் மாதிரி நிப்பியா, ஊரான் ரெக்கார்டை எழுத உனக்கென்ன தலையெழுத்தா, வயிறு வலிச்சா அம்மாகிட்ட சொல்லாம நோட்டுல எழுதுவியா, உன் அம்மா ஒரு கூறுகெட்டவ, அவளுக்குத்தான் புத்தி இல்ல, உனக்குமா இல்ல என்று, அவளைத் திட்டுகிறேனா என்னைத் திட்டிக்கொள்கிறேனா என்று தெரியாமல் கத்தினேன். மூச்சு வாங்கியது. அடுப்படிக்குப் போய்ச் சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். கல்லைத் தூக்கி அடுப்பில் வைத்தேன்.

"தோசை சுடட்டுமா?" என்றேன்.

எட்டிப் பார்த்தேன். கூடத்தில் கடிகாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து பழுப்பு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். தோள் இறங்கியிருந்தது.

"நாலு நிமிஷம் பத்து வினாடி" என்றாள். "ரெண்டு. முறுகலா."